பிலாய் செசிலி அக்கா

கோட்டையூர் சகாய ஆண்டனியைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் பெண்டாட்டி கையில் கொடுக்கிறவன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் பொறாமை என்று ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் தங்கமாவது தகரமாவது! அவன் பொறாமைப்பட்டது இன்னொரு ஆம்பளை மேல் என்றால்கூட ஊர் உலகத்துக்குப் புரியும். அவன் பொறாமைப்பட்டது ஒரு அக்கா மேல். அதுவும் எப்பேர்ப்பட்ட அக்கா!

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத் தொடக்கத்தில் அவன் டைம் ஆபீஸில் வேலை பார்த்த நூல் மில்லில் லே-ஆஃப் ஆரம்பித்தது. மாதத்தில் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம். அவன் மனைவி மரிய அனிதா, கல்யாணத்துக்கு முன்னால் படித்த டைப்ரைட்டிங்கை நம்பி, காரைக்குடியில் தண்டாயுதபாணியின் டி.டி.பி. கடையில் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் அவள் அடித்துக் கொடுத்தாள். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்களுக்காக முதலாளி அந்த வருஷம்தான் இன்டர்நெட் வாங்கிப் போட்டிருந்தார். ரிசல்ட் கூட்டம் கலைந்ததும் அது சும்மா கிடந்தது. வேலை இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ளம்மா என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் சகாயம் அவளை அழைத்துப்போகக் கடைக்குப் போனான். உள்ளே அனிதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சகாயம் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். லே-ஆஃப் வந்ததிலிருந்து வீட்டில் அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை. வீட்டில் என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்லைங்க’ என்பதுதான் பதில். இங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியிடம் இப்படிச் சிரிக்கிறாளே என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

பஸ்ஸில் வரும்போது விசாரித்தான். அவள் ஒளிக்கவில்லை. கூட டைப்ரைட்டிங் படித்த தேவகோட்டை பர்வீன் பானு இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் ஈமெயிலில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாள். ‘அடுப்படி’ என்று பெயர். எங்கெங்கோ இருக்கிற தமிழ்ப் பெண்கள், எல்லாரும் இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து ஒருத்திக்கொருத்தி எழுதிக்கொள்கிறார்கள். ஒருத்தி எழுதினால் எல்லாருக்கும் போகும். யார் வேண்டுமானாலும் ஆறுதல் சொல்லலாம், யோசனை சொல்லலாம்.

“ஆம்பளைக உண்டா?” என்று கேட்டான் சகாயம்.

பொம்பளைகளுக்கு மட்டும்தான் என்றாள் அனிதா. அப்படியென்றால் நீ அங்கே என்னதான் எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, ‘ஒண்ணுமில்லைங்க, சமையல் கிமையல்’ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ‘ஒண்ணுமில்லைங்க’தான் அவனைக் கெடுத்தது. அடுத்த லே-ஆஃப் நாளில், அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, சகாயம் காரைக்குடி நூறடி ரோட்டுக்குப் போனான். அங்கே சவூதியிலிருந்து திரும்பிய வாஹித் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு அவர் கேட்ட காசில் ஒரு வேளைக் குழம்பு வைத்துவிடலாம். அதற்காக அவன் சிகரெட்டை விட்டான். அனிதா தன் செபம் பலித்தது என்று நினைத்துக்கொண்டு, சவேரியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஈமெயிலுக்கு என்ன பெயர் போட என்று வாஹித் கேட்டார். சகாயம் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டு, செசிலி என்றான். வாஹித் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வயசு ஆம்பளை பொம்பளை பேரில் உள்ளே நுழைந்தால் என்ன நினைப்பாரோ அதைத்தான் நினைத்தார். ஆனால் அவருக்கு வேண்டியது மணிக் கணக்கு, மற்றதில் அவர் தலையிடவில்லை.

ஊர் பிலாய் என்று போட்டான். சித்தப்பா அங்கே இரும்பாலையில் வேலை பார்த்தபோது ஒரு தடவை போய் ஒரு மாதம் இருந்திருக்கிறான். குளிரும் கரி அடுப்பும் ஞாபகம் இருந்தது. யாரும் நேரில் தேடிக்கொண்டு வர முடியாத தூரம். கணவன், ஒரு மகன், பற்றாத சம்பளம் என்று நாலு வரி எழுதி அனுப்பினான். மறுநாளே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய கடிதங்களை எல்லாம் படிக்கலாம் என்று வழியும் சொன்னார்கள்.

படித்தான். அனிதா சமையலும் எழுதவில்லை, கிமையலும் எழுதவில்லை.

தவக்காலத்தில் அவள் ஒருசந்தி இருந்து மத்தியானச் சாப்பாட்டை விட்டது அவனுக்குத் தெரியும். ஈஸ்டர் முடிந்தும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு நேர்ந்து ஒருசந்தி இருந்தாள். என் பேருள்ள சாமிக்கு இருக்கிறாள் என்று மில்லில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவன் அவன். குழுவில் அவள் எழுதியிருந்தது வேறு. அரிசி எட்டவில்லை, பிள்ளைகளுக்கும் அவருக்கும் குறைக்க மனசு வரவில்லை, அந்தோணியார் பேரைச் சொன்னால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார், பாவம், சந்தோஷப்படுகிறார் என்று எழுதியிருந்தாள். அதற்கு முப்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். துபாயில் வீட்டு வேலை பார்க்கிற ஜாஹிதா, நானும் நோன்பு என்று சொல்லித்தான் சமாளிக்கிறேன் மச்சி என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துத்தான் அனிதா அன்றைக்குத் தோள் குலுங்கச் சிரித்திருக்கிறாள்.

நியாயமாகப் பார்த்தால் அவன் அப்போதே எழுந்து வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். வெட்கம் அவனைக் கொஞ்ச நேரம் பிடித்து உலுக்கத்தான் செய்தது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு மற்றது வந்துவிட்டது. கண்காணாத பொம்பளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தாலி கட்டின எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் சொல்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. அவன் மனசு இதையே திருப்பித் திருப்பி அரைத்தது.

ஆகவே செசிலி அக்கா பேனாவை எடுத்தாள். பேனா ஏது, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். உடம்பைக் கெடுத்துக்கொண்டு எந்தச் சாமியும் கும்பிட வேண்டாம், செவ்வாய்க்கிழமையும் ஒழுங்காகச் சாப்பிடு என்று அதட்டி எழுதினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அனிதா டிபன் பாக்ஸில் தனக்கும் சோறு வைத்தாள். சகாயத்துக்கு மனசு குளிர்ந்தது. அவளே வாயைத் திறந்து சொன்னாள்.

“பிலாயில ஒரு அக்கா இருக்காக, செசிலின்னு. அவுக சொன்னா எனக்குத் தட்ட முடியலைங்க.”

குளிர்ந்த மனசு அங்கேயே சூடாகிவிட்டது. ‘சாப்பிட்டுட்டுப் போயேன்’ என்று அவனும்தான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். யார் கேட்டார்கள்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா ராஜ்ஜியம்தான். அனிதா குழுவுக்கு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு செசிலி அக்காவுக்குத் தனியாகவே எழுத ஆரம்பித்தாள். அக்கா வேடம் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அடுப்படிப் பக்கமே போகாத சகாயம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மில் கேன்டீன் ஒச்சம்மாளிடம் போய் நின்றான். கேஸ் எப்படி மிச்சமாகும், உளுந்து எப்படிக் குறையும் என்று துருவித் துருவிக் கேட்டான். அரிசியை ஊறப்போட்டு உலை வை, பழைய சோத்தைச் சேத்து மாவாட்டு என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டு போயிட்டாளா என்று ஒச்சம்மாள் பரிதாபமாகக் கேட்டாள். அவன் கேட்டுக்கொண்டு போனதெல்லாம் ஈமெயிலாகி, மறுநாள் அவன் வீட்டு அடுப்புக்கே வந்து சேர்ந்தது.

வண்டி விஷயத்தில்தான் அவனுக்கு முதல் அடி பலமாக விழுந்தது. பெட்ரோல் போட முடியாமல் நிற்கிற மொபெட்டை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னான். ‘உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அது ஒண்ணுதான் வீட்டுல கவுரதையா நிக்கிது’ என்று அனிதா மறுத்துவிட்டாள். வீம்புக்கென்றே அதே யோசனையை அதே வார்த்தைகளில் செசிலி பேரில் எழுதினான். இரண்டு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே, ‘வண்டியை வித்துரலாங்க, செசிலி அக்கா சொல்றாக’ என்றாள். எடுத்த கவளத்தை அவன் தட்டிலேயே போட்டான்.

“நான் சொன்னப்ப மாட்டேன்னியே?”

“நீங்க சொன்னது வேற, அவுக சொன்னது வேற.”

“ஊரு பேரு தெரியாதவ. யாரு எவன்னு பார்த்தியா? எவளோ வேலைவெட்டி இல்லாத...”

“அவுகளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீக” என்றாள் அனிதா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவனிடம் குரலை உயர்த்தாதவள் உயர்த்திய குரல் அது. பிள்ளைகள் இரண்டும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தன.

அன்றைக்கு ராத்திரி செபமாலை முடிந்ததும், செசிலி அக்கா குடும்பத்துக்காக ஒரு பரலோக மந்திரம் என்றாள். அன்றிலிருந்து தினமும் அது சேர்ந்துகொண்டது. சகாயம் முழங்காலில் நின்று, தான் உண்டாக்கிய பொம்பளையின் சுகத்துக்காகத் தானே வேண்டிக்கொண்டான். அவனுக்காகத் தனியாக ஒரு பரலோக மந்திரம் அந்த வீட்டில் என்றைக்காவது சொல்லப்பட்டிருக்கிறதா? இல்லை. அதையும் அவன் எண்ணிப் பார்த்தான். அக்கா தான்தானே என்று அறிவு சொல்லத்தான் செய்தது. ஆனால் வாஹித் கடையை விட்டு வெளியே வந்ததும் அவள் வேறு, இவன் வேறு ஆகிவிட்டார்கள். அவள் கெட்டிக்காரி, பொறுமைசாலி, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவள். இவனோ வெறும் வீட்டுக்காரன்.

ஒன்று மட்டும் அவனுக்காகச் சொல்ல வேண்டும். செசிலி பேரில் அவன் அடிக்கடி எழுதியது, இதையெல்லாம் உன் வீட்டுக்காரரிடமும் சொல்லேன் என்பது. அனிதா ஒவ்வொரு தடவையும் அதை மட்டும் தாண்டிப்போய்விடுவாள். ஒரு தடவை பதில் சொன்னாள். ‘சொன்னா உடைஞ்சு போவாரு அக்கா. மில்லு பாதியாப் போன துக்கமே அவருக்குத் தலைக்கு மேல இருக்கு.’ அதைப் படித்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தான். அதோடு அக்காவின் கதை முடிந்தது.

‘என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா மனசு விட்டுப் பேசணும்னா உங்ககிட்டத்தான் வருது. நீங்க மட்டும் ஆம்பளையாப் பொறந்திருந்தா உங்களையே கட்டியிருப்பேன் அக்கா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறியும் போட்டிருந்தாள்.

விளையாட்டுக்கு எழுதினது. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இந்த மனுஷனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அப்படியா சங்கதி, என்னை வைத்துக்கொண்டே இன்னொருத்தியைக் கட்டுவாளாமா என்று பல்லைக் கடித்தான். அந்த இன்னொருத்தி யார் என்ற நினைப்பு அந்த நிமிஷம் அவனுக்கு இல்லவே இல்லை. விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. செசிலியின் மகன் எழுதுவதாக எழுதினான். அம்மா நேற்று மாரடைப்பில் காலமாகிவிட்டார்கள், உங்கள் எல்லாரையும் பற்றி அடிக்கடி சொல்வார்கள், அம்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். குழு முழுவதற்கும் அதை அனுப்பிவிட்டு, வாஹித்துக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். தொலைந்தாள் சனியன் என்று கோட்டையூர் வரும்வரை அவனுக்கு மனசு லேசாக இருந்தது.

மறுநாள் அனிதா வேலையிலிருந்து திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். பெற்ற தாய் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. பெரியவள் ஓடிவந்து என்னம்மா என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் அவளும் அழுதாள். சின்னவனும் அழுதான். எல்லாரும் அழுகிற வீட்டில் சகாயம் ஒருத்தன்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். அக்கா செத்தால் அனிதா தன் பக்கம் திரும்புவாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு பல நாள் அவள் பேச்சே நின்றுபோனது. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் கிடையாது. உயிரோடு இருந்தபோதாவது செசிலியைத் திட்டலாம், அவள் யோசனையில் ஓட்டை கண்டுபிடிக்கலாம். செத்தவளை என்ன செய்ய முடியும்? அவள் மேல் இருந்த பொறாமை அவனுக்கு இன்னும் கூடித்தான் போனது.

ஒரு தடவை வாஹித் கடைக்குப் போய்ப் பார்த்தான். செசிலியின் ஈமெயில் பெட்டி நிரம்பி வழிந்தது. பர்வீன் பானு அவளுக்காகத் தொழுது துஆ செய்ததாக எழுதியிருந்தாள். ஜாஹிதா மூன்று நாள் சிரிக்கவில்லையாம். குழுவில் எல்லாரும் அவள் மகனுக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். பாதியிலேயே எழுந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகுதான் அனிதா அந்தக் காரியத்தைச் செய்தாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் செத்தவர்களுக்கு முப்பதாம் நாள் பூசை வைக்காமல் விடமாட்டார்கள். பிலாயில் மகன் வைக்கிறானோ இல்லையோ, நாம் வைக்க வேண்டும் என்று அவளே பங்குச்சாமியாரிடம் போய்க் காணிக்கை கட்டிவிட்டு வந்தாள். ஒவ்வொரு ரூபாயையும் முடிந்து வைக்கிறவள், அதை மட்டும் யோசிக்கவே இல்லை. நீங்களும் வரணும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

காரைக்குடிக் கோயிலில் விடிகாலைப் பூசை. பீடத்துக்குப் பக்கத்தில் நின்று சாமியார், பிலாயில் இறந்த செசிலி அம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார். அந்தப் பெயர் கோயிலுக்குள் ஒலித்தபோது சகாயம் தலையைக் குனிந்துகொண்டான். அடித்ததும் அழித்ததும் ஒரு பெட்டிக்குள் நடந்த விளையாட்டு என்று நினைத்திருந்தான். இப்போது இல்லாத ஓர் ஆத்துமத்துக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு ஊர் ஜனம் முழங்காலில் நின்றது. பக்கத்தில் அனிதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்க எல்லாரும் எழுந்து போனார்கள். அவன் எழவில்லை. பொய் சொல்லி, பூசை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியவன் எந்த நாக்கை நீட்டுவான்? நன்மை வாங்கித் திரும்பிய அனிதா, உட்கார்ந்தே இருந்தவனை ஒரு கணம் பார்த்தாள்.

கோயிலை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். வேறு யாரும் இல்லை. சகாயம், அந்த அக்காவிடம் சொன்னதை எல்லாம் இனிமேல் என்னிடம் சொல்லு என்று கேட்டேவிட்டான். குரல் பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

அனிதா அவன் பக்கம் திரும்பினாள். “அவுககிட்டச் சொன்னதை விடுங்க. அவுககிட்டக்கூடச் சொல்லாத ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றேன், கேக்கிறீகளா?”

அக்காவுக்குத் தெரியாதது! எத்தனை மாதமாக இதற்குத்தானே ஏங்கினான். “சொல்லு அனிதா” என்றான்.

“நூறடி ரோட்டுல வாஹித் கடையிலருந்து நீங்க வெளிய வந்ததை ஆடி மாசத்துல பார்த்தேன். பிறகு ரெண்டு தடவை பார்த்தேன். லே-ஆஃப் நாள்ல எல்லாம் அங்கதான் இருக்கீக. சிகரெட்டை விட்ட காசு அங்கதான் போகுது. ஆம்பளைக அங்க எதுக்குப் போறாகன்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்தப் பெட்டி முன்னாலதான உக்காந்திருக்கேன். சொன்னா உங்களுக்குத்தான் கேவலம்னு அக்காகிட்டக்கூட நான் மூச்சு விடலை. அந்தப் பெட்டியில நீங்க பேசுற அவளை நெனைச்சு நெனைச்சு எத்தனை நாள் வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா? யாருங்க அவ? பேரையாவது சொல்லுங்க.”

சகாயம் பொய் சொல்ல நினைத்தான். பின்னால் கோயில் கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

“செசிலி” என்றான்.

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“பிலாயும் இல்லை, ஒண்ணும் இல்லை அனிதா. நான்தான் எழுதினேன். எல்லாம் நான்தான். நீ அவகிட்ட மட்டும் பேசுனது எனக்குத் தாங்கலை. ஆம்பளையாப் பொறந்திருந்தா கட்டியிருப்பேன்னு எழுதுனியே, அன்னைக்குத்தான் அந்தச் சாவு ஈமெயிலை அனுப்பினேன்.”

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தான். ஏமாற்றிவிட்டீகளே என்று கத்துவாள், அதற்கும் தயாராக இருந்தான். கோட்டையூர் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அனிதா முகத்தை நிமிர்த்தினாள். கன்னம் முழுக்க ஈரமாக இருந்தது.

“எழுதுனது எல்லாம் சரிங்க” என்றாள். “எங்க அக்காவை ஏன் கொன்னீக?”